ஐந்தாம் பிளாக்கில் ஒரு நீளமான ஹால்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு லாரி எடை மேடையில் இருபத்து மூன்று வருஷமாக உட்கார்ந்து, வருகிற லாரியைப் பாரத்தோடு ஒரு தடவையும் வெறுமையாக ஒரு தடவையும் எடை போட்டுச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த அமலோற்பவம், தன் நாற்பத்தேழாவது வயதில், தன் சொந்தச் சம்பாத்தியத்தில், கூடப் பிறந்த அண்ணனிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல், டிவிக்குக் கீழே வைத்து விளையாடுகிற கேமிங் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை வாங்கினாள். அந்தச் செய்தி அவள் குடியிருந்த ஐந்தாம் பிளாக்கின் மூன்று மாடிக்கும் பரவ எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கூரியர்காரர் படியிறங்கிப் போய்த் தன் வண்டியை உதைப்பதற்குள் பரவி முடிந்துவிட்டது.

முதலில் வந்தவள் எதிர்வீட்டுச் செல்வக்கனி. அடுப்பில் குழம்பைப் போட்டபடி போட்டுவிட்டு, கையில் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். பெட்டி கறுப்பாக, சதுரமாக, இரண்டு கிலோ மக்ரூன் வாங்கினால் கொடுப்பார்களே, அந்த அட்டைப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது.

“இதென்ன அமலி, ரேடியோவா?”

“கேம் விளையாடுறது எக்கா.”

“யாரு விளையாட?”

“நான்தான்.”

செல்வக்கனி கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். “சரி. என்ன விலை?”

ஐந்தாம் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பொருள் வந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பார்க்க வருவார்கள், வந்தவர்கள் விலை கேட்பார்கள், வாங்கியவர் பாதி விலையைச் சொல்வார். இருபதாயிரம் ரூபாய் பிரிட்ஜ் பத்தாயிரமாகும், ஆறாயிரம் ரூபாய்ப் பட்டு மூவாயிரமாகும். கண்ணுபடக் கூடாதே, அதற்காக. கேட்டவர் ‘அடேயப்பா, மலிவா முடிச்சிட்டியே’ என்று வாயால் சொல்லிவிட்டு, மனசுக்குள் அதை இரண்டால் பெருக்கிக்கொண்டு படியிறங்குவார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் அமலோற்பவம் பத்து கிலோ கூடவோ குறையவோ சீட்டில் ஏறிவிட்டால் சாப்பாடு இறங்காதவள். உள்ள விலையை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

“ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.”

“மலிவா முடிச்சிட்டியே,” என்றாள் செல்வக்கனி, முகம் வெளுத்துப்போய். அவள் படி தாண்டித் தன் வீட்டுக்குள் நுழைகிறபோது விலை இரண்டு லட்சத்து இருபதாயிரம் ஆகியிருந்தது, அன்று மத்தியானத்துக்குள் பிளாக் முழுக்க அதுதான் விலை. அமலோற்பவத்துக்கு அது தெரியவந்தபோது, போய் ஒவ்வொரு வீட்டிலும் திருத்தவா முடியும், நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்ட விதத்தில் ஒரு திமிர் இருந்தது என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். இருந்தது உண்மைதான்.

மூலைக்கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கில்பர்ட் வந்தான். பெட்டியைத் தூக்கிப் பார்த்தான், பின்பக்கத் துளைகளை எண்ணினான், காதை வைத்துக் கேட்டான். சத்தமே இல்லாதது அவனுக்குப் பிடிக்கவில்லை.

“எக்கா, இந்தக் காசுல பாதிக்குப் பாதி கொடுத்தா விளையாட்டுக்குன்னே வர்ற கன்சோல் கிடைக்கும். இல்ல, கம்ப்யூட்டர்தான் வேணும்னா என்கிட்ட சொல்லிருந்தா பார்ட்டு பார்ட்டா வாங்கி, இதைவிட வேகமா ஒண்ணு கட்டித் தந்திருப்பேம்லா.”

“கட்டித் தந்திருப்ப. அது பீரோ மாதிரி நின்னு உறுமிக்கிட்டிருக்கும், வாரம் ஒருக்க உன்னையக் கூப்பிடணும். எனக்கு வேலை முடிஞ்சு வந்தா பொத்தானை அமுக்கணும், சோபாவுல சாயணும், ஓடணும். அதுக்குத்தான் துட்டு.”

“கன்சோலும் அப்படித்தான ஓடும்?”

“எனக்கு வேண்டிய லாரி கேம் அதுல இல்ல.”

கில்பர்ட் சிரித்துவிட்டான். நாள் முழுக்க லாரியைப் பார்த்துவிட்டு வந்து வீட்டிலும் லாரியா என்று கேட்டான். உண்மையில் அமலோற்பவம் லாரியை முழுசாகப் பார்த்ததே கிடையாது. ஆறடிக்கு ஆறடி அறையில், உள்ளங்கை அகலத் துவாரத்தின் வழியே அவள் பார்த்ததெல்லாம் சீட்டு வாங்க நீள்கிற முழங்கைகளும், டயர்களும், எந்தெந்த மாநிலத்து எழுத்துகளோ போட்ட நம்பர் பலகைகளும்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பஞ்சாபிலிருந்து வந்த ஒரு டிரைவர் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு தடவை லாரி முன்பக்கத்தில் ஏறி இரண்டு நிமிஷம் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் சாலை வேறு மாதிரி தெரிந்தது, கால் ஆக்சிலேட்டரைத் தேடியது. அதை யாரோ பார்த்து அவள் அண்ணன் தொம்மையிடம் சொல்ல, வயசுப்பிள்ளை லாரியில் ஏறியது வீட்டுக்குள் ஒரு மாசப் பேச்சாகி, அத்தோடு அந்த ஆசையை மடித்து வைத்தவள்தான்.

தொம்மையும் வந்தார். அவர் வீட்டுக்கு மேலே மாடி எடுக்கத் தொடங்கியிருந்தார், தங்கச்சி தனிக்கட்டைதானே, அவள் மாசாமாசம் கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்தால் மாடிக்கு வந்து சேரும் என்று அவரே தீர்மானித்திருந்தார்.

“ஏட்டி, ரெண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு வீடியோ கேமா வாங்குன? உனக்கு என்ன வயசாவுது?”

அமலோற்பவம் பில்லை எடுத்துக் கொடுத்தாள். தொம்மை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு, “பில்லையும் பாதியாப் போட்டு வாங்கிருக்கியா, பெரிய ஆளுதான்,” என்றார்.

“சரிண்ணே, ரெண்டு இருபதுன்னே வச்சுக்க.”

“இது தேவையா உனக்கு?”

“மாடி உனக்குத் தேவையா?”

தொம்மை காபி குடிக்காமல் போனார். அவர் அப்படிப் போவது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் அமலோற்பவம் கதவைச் சாத்திவிட்டு, சோபாவில் உட்கார்ந்து, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். அவள் ஹால் பத்தடிக்குப் பதினோரு அடி. வாசல் கதவும் டிவியும் ஒரு சுவரில், அதற்கு எதிரே சோபா, சோபாவுக்குப் பின்னால் ஜன்னல் வைத்த சுவர், ஜன்னலில் வேப்பமரம். பெட்டி ஒரு சின்ன விளக்கை எரியவிட்டது, டிவியில் லாரி வந்தது, லாரிக்கு முன்னால் சாலை வந்தது. மழை பெய்துகொண்டிருந்த மலைச்சாலை. முதல் வளைவில் பாறையில் மோதினாள், இரண்டாவது வளைவில் பாலத்தில் உரசினாள், பத்தாவது வளைவில் கை படிந்துவிட்டது, வைப்பர் இப்படியும் அப்படியும் போக, பின்னால் இருபது டன் மரத்தடியோடு ஏற்றத்தில் ஏறி, உச்சியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, கீழே விளக்கு எரிகிற ஊரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், வேறு எதிலும் இல்லை. கொடுத்த காசு அன்றைக்கே, அந்த ஏற்றத்திலேயே வசூலாகிவிட்டது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் வீடு பெருக்கும்போது, வழக்கமாக எட்டு வீச்சில் முடிகிற ஹால் பத்து வீச்சு கேட்டது. சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவர் ஒரு முழம் பின்னால் போயிருந்தது. ஜன்னல் அதே ஜன்னல், வெளியே அதே வேப்பமரம். அமலோற்பவம் அந்த ஒரு முழத்தையும் பெருக்கித் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து அறுபது கிலோமீட்டர் ஓட்டினாள், காலையில் இன்னும் ஒரு முழம். அவள் எவ்வளவு தூரம் முன்னால் போனாளோ அதற்குத் தக்கபடி ஹால் அவள் முதுகுக்குப் பின்னால் நீண்டது. வெளியே நின்று பார்த்தால் ஐந்தாம் பிளாக் ஒரு செங்கல் அளவுகூடப் பெரிதாகவில்லை.

“எக்கா, ஹால் ஆறு அடி நீண்டிருக்கு,” என்று அவள் ஒருநாள் செல்வக்கனியிடம் சொன்னாள்.

“இருக்கட்டும். எங்க வீட்டுல மூணு மாசமா பாத்ரூம் ஒழுகுது, யாரு கேக்கா,” என்றாள் செல்வக்கனி. பிறகு உள்ளே வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, “வெயில் நல்லா விழுது. வத்தல் காயப்போடவா?” என்று கேட்டாள்.

அப்படித்தான் தொடங்கியது. முதலில் செல்வக்கனியின் கூழ்வற்றல் வந்தது, வற்றலுக்குக் காவலாகச் செல்வக்கனியின் மாமியார் வந்தார், மாமியாரோடு பேச மூன்றாம் மாடிக்காரிகள் வந்தார்கள். ஹால் அறுபதடி ஆனபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற டீச்சர் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து சாத்தினார். நூற்றைம்பதடி ஆனபோது சர்க்கரை வியாதிக்காரர்கள் விடியற்காலையில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து, அமலோற்பவம் காபி போடுவதைக் குறுக்காகக் கடந்து, ஜன்னல் வரை போய்த் திரும்பி நடந்தார்கள். முந்நூறடி ஆனபோது அந்தக் கோடியில் கொஞ்சம் காற்று இருந்தது, காற்று இருந்ததால் நெத்திலிக் கருவாடு காயப்போட்டார்கள், கருவாடு காய்ந்ததால் பூனைகள் குடியேறின. நடந்து களைத்தவர்களுக்காக ஒருவர் நடுவில் அவித்த கடலை விற்றார். பாதி தூரத்தில் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டு, இதற்கு மேல் செருப்புப் போடலாம் என்று எழுதினார்கள். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து அளக்க வந்தவர் நாடாவை விரித்துக்கொண்டே போய், நாடா தீர்ந்த இடத்தில் கடலை வாங்கித் தின்று, வெளியே வந்து கட்டடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்து, படிவத்தில் பத்துக்குப் பதினொன்று என்றே எழுதிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, படிவத்தில் நீளத்துக்கு இரண்டு கட்டம்தான் இருந்தது.

இப்போது யாரும் அவளிடம் இது தேவையா என்று கேட்கவில்லை. தூத்துக்குடியில் சதுர அடி என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்கள் ஹால் நீளத்தோடு பெருக்கிப் பார்த்தார்கள். “ரெண்டு இருபதுக்கு இது சும்மா கிடைச்ச மாதிரிலா,” என்றார்கள். கில்பர்ட்டே வந்து, “சும்மா சொல்லக் கூடாதுக்கா, இடத்தையும் சேர்த்துப் பார்த்தா நல்ல பெட்டிதான்,” என்றான். காபி குடிக்காமல் போன தொம்மை, மூத்த மகளின் நிச்சயதார்த்தத்தை மண்டபத்துக்குப் பதில் தங்கச்சி ஹாலில் வைத்துக்கொள்ளலாம் என்று தேதி குறித்துக்கொண்டு வந்தார், அன்றைக்கு இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

“நல்ல காரியம் பண்ணுன பிள்ள. நான்தான் மொதல்ல வெளங்காமப் பேசிட்டேன்.”

இந்தப் பாராட்டுதான் அமலோற்பவத்துக்கு ஆகவில்லை. வைதபோது வராத கோபம் அவளுக்குப் பாராட்டியபோது வந்தது. ஹால் ஒரு விரற்கடைகூட நீளாத அந்த முதல் சாயங்காலத்திலேயே பெட்டி அதன் விலைக்குத் தகும் என்று அவளுக்குத் தெரியும், அதை ஒருத்தரும் கேட்கவில்லை. வற்றல் காய்வதால்தான் அது உருப்படி, நிச்சயதார்த்தம் நடப்பதால்தான் அவள் கெட்டிக்காரி என்றால், மழையில் ஏறிய அந்த மலைக்கு என்ன பெயர்?

ஆனாலும் சொல்லவில்லை, வந்தவர்களை எப்படித் துரத்துவது என்று இருந்துவிட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தவசிமுத்து அண்ணாச்சி, உப்புக் கம்பெனி ஸ்டோரில் முப்பத்தைந்து வருஷம் மூட்டைக்கு நம்பர் போட்டு ஓய்வு பெற்றவர், ஒழுங்கில்லாத எதையும் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். ஒருநாள் ஒரு அட்டவணையைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஞாயிறு நிச்சயதார்த்தம், ஆகவே வெள்ளிக்குள் நானூறு கிலோமீட்டர். மாதக் கடைசியில் பிள்ளைகள் விளையாட்டு விழா, ஆகவே ஆயிரம்.

“சிரமத்துக்குச் சொல்லல தங்கச்சி. நீங்க எப்படியும் ஓட்டத்தான போறீங்க, அதைக் கொஞ்சம் முறையா ஓட்டுனா ஊருக்கு ஆகும்.”

அமலோற்பவம் முறையாக ஓட்டிப் பார்த்தாள். வேலை விட்டு வருவாள், படியில் நாலு பேர் நிற்பார்கள், ‘அக்கா, இன்னிக்கு அறுபது பாக்கி’ என்பார்கள். சோபாவுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்று கிலோமீட்டரைப் படிப்பார்கள். மலைச்சாலையில் போகாதே, நேர்ச்சாலையில் போனால் சீக்கிரம் ஏறும் என்பார்கள். ஏற்றத்தின் உச்சியில் நிறுத்தி ஊரைப் பார்த்தால், வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்பார்கள். எடை மேடையில் எட்டு மணி நேரம், வீட்டில் மூன்று மணி நேரம், இரண்டும் ஒன்றாகிப்போயின. ஒரு வாரத்தில் அவளுக்குக் கன்ட்ரோலரைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. அந்த வாரம் முழுக்க ஓட்டிய முந்நூற்று எண்பது கிலோமீட்டருக்கு ஹால் ஒரு நூல்கூட நீளவில்லை.

பிளாக் பதறிப்போனது. கில்பர்ட் பெட்டியைத் திறந்து தூசி தட்டி மூடினான், தானே உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க ஓட்டினான், இன்னும் பத்துப் பேர் முறை வைத்து ஓட்டினார்கள். சுவர் அசையவில்லை. செல்வக்கனி பெட்டிக்குச் சாம்பிராணி காட்டினாள். தொம்மை நிச்சயதார்த்தத்தை நெருக்கிப்பிடித்து முடித்தார், கடைசிப் பந்திக்காரர்கள் கருவாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாகி, மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போனவர்கள் திரும்பியதும் காலை பத்து மணிக்கு, அமலோற்பவத்தின் ஹாலிலேயே சங்கக் கூட்டம் கூடியது. அவள் வீட்டில் கூட்டம் போட அவளிடம் யாரும் கேட்கவில்லை. சோபாவுக்குப் பின்னால் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாகப் போட்டு, நடுவில் மேசை வைத்து, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தவசிமுத்து எழுந்தார். அமலோற்பவத்துக்கென்று எதிரில் ஒரு நாற்காலி தனியாகக் கிடந்தது. அவள் உட்காரவில்லை, நின்றாள்.

“எல்லாருக்கும் வணக்கம். விசயம் ஒண்ணுதான். பெட்டி ஒருத்தர் பேருல இருக்கப் போய்த்தான் இந்தக் குழப்பம். அதனால சங்கமே பெட்டிய வாங்கிக்கிடலாம்னு இருக்கோம். தங்கச்சி கொடுத்த ரெண்டு லட்சத்து இருபதாயிரத்தையும் ஒரு பைசா குறையாமக் கொடுத்திருவோம். பெட்டி சங்கத்துக்கு. அதுக்குத் தங்கச்சியவே ஓட்டுநரா நியமிக்கோம், மாசச் சம்பளம் உண்டு, ஞாயித்துக்கிழமை லீவு.”

கைதட்டினார்கள். வாங்கிய விலைக்கு இரண்டு மடங்கு கையில் வரப்போகிறது என்பது அந்த இடத்தில் அமலோற்பவம் ஒருத்திக்குத்தான் தெரியும். தொம்மை முன்வரிசையிலிருந்து எழுந்து கிட்டே வந்தார்.

“ஒத்துக்க பிள்ள. பைத்தியக்காரியா நீ? இதுக்கு மேல என்ன வேணும்?”

“மைக்கைக் குடுங்க அண்ணாச்சி,” என்றாள் அமலோற்பவம். தவசிமுத்து கொடுக்கவில்லை, பொருளாளரோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் மைக் இல்லாமலே பேசினாள். இருபத்து மூன்று வருஷம் லாரி சத்தத்துக்கு மேலே நம்பர் கூப்பிட்ட குரல் அது, ஜன்னல் வரை கேட்டது.

“பெட்டி விக்கிறதுக்கில்ல. எனக்கு வேலை ஒண்ணு இருக்கு, இன்னொரு வேலை வேண்டாம். நான் இதை வாங்குனது விளையாட. வத்தல் காயப்போட இல்ல, நிச்சயதார்த்தம் நடத்த இல்ல, ஊருக்கு இடம் கொடுக்க இல்ல. சும்மா விளையாட. லாரி ஓட்டணும்னு ஆசைப்பட்டேன், ஓட்டுனேன். அதுக்கு அந்தத் துட்டு தகும். ஹால் இத்துனூண்டா இருக்கும்போதே தகும். நாளைக்கே செவுரு திரும்பி வந்து என் முதுகுல முட்டுனாலும் தகும்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பொம்பளை பேசுகிற பேச்சா இது என்றார் ஒருவர். காசுத் திமிர் என்றார் இன்னொருவர். செல்வக்கனி, “அப்ப என் வத்தலு?” என்று கேட்டாள். தவசிமுத்து மைக்கைத் தட்டினார்.

“அமைதி, அமைதி. ஓட்டெடுப்புக்கு விடலாம். பெட்டி சங்கத்துக்கு வரணும்ங்கவங்க கையத் தூக்குங்க.”

இருநூறு கையும் தூக்கியபடி இருக்க, அமலோற்பவம் திரும்பி நடந்தாள். சோபாவைச் சுற்றி வந்து, ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை மடக்கி வைத்துக்கொண்டு, டிவிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையை ஒரு தடவை பார்த்தாள். பொத்தானை அமுக்கினாள். பெட்டியின் சின்ன விளக்கு எரிந்தது. அன்றைக்குக் கணக்குக் கிடையாது, கொண்டுபோக வேண்டிய பாரம் கிடையாது, வெறும் வண்டி. நேர்ச்சாலையை விட்டுவிட்டு, பனி பெய்கிற மலைப்பக்கமாக வண்டியைத் திருப்பினாள்.

“தங்கச்சி, கூட்டம் நடக்கு,” என்றது மைக்.

அவள் கியரை ஏற்றினாள். முதல் வளைவு வந்தது, போனது. நெஞ்சில் ஒரு மாசமாக அடைத்துக்கொண்டிருந்தது என்னவோ அது இளகியது. ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை விரற்கடை என்று பிளாக்கில் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் அன்றைக்குச் செல்லவில்லை. அவள் சோபாவுக்கும் முதல் வரிசை நாற்காலிக்கும் நடுவே தரை விரியத் தொடங்கியது, டைல்ஸ் மேல் டைல்ஸாகப் பிறந்து வந்தது, நாற்காலிகளும் நாற்காலியில் இருந்தவர்களும் மேசையும் மைக்கும் கரும்பலகையும் கடலைக்காரரும் கருவாடும் பூனைகளும் தூக்கிய கையைக் கீழே போடாமலே பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, காதில்தான் விழுந்தது. ‘தங்கச்சி’ என்றது மைக். அப்புறம் ‘தங்கச்சி’ என்று கொஞ்சம் தூரத்தில் கேட்டது. அப்புறம் ‘ச்சி’ மட்டும் கேட்டது. செல்வக்கனி வற்றலைப் பற்றி ஏதோ சொன்னாள், அது பாதியில் நின்றது. இரண்டாவது மலை ஏறும்போது ஹாலில் வைப்பர் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

உச்சியில் வண்டியை நிறுத்தினாள். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கீழே தெரிந்த ஊரைப் பார்த்தாள். ஏன் நிற்கிறது என்று கேட்க ஆள் இல்லை. பிறகு இறக்கத்தில் வண்டியை விட்டாள்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு முதல் ஆள் திரும்பி வந்தான். கில்பர்ட். வயசுப் பையன் என்பதால் ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. அவன் சோபாவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியே போனான். இரண்டு மணிக்கு மேல் ஐந்தாறு பேராக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, எல்லார் வீட்டிலும் கறிக்குழம்பு ஆறிப்போயிருந்தது, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பசியிலும் வேர்வையிலும் அவளைக் கடந்து கடந்து போனார்கள். திட்டிக்கொண்டு போனவர்கள் பாதி. மூன்றாம் மாடிக்காரி ஒருத்தி மட்டும் டிவியில் பனியைப் பார்த்து நின்று, “எவ்வளவு அழகா இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்வக்கனி தலையில் வற்றல் பாயைச் சுமந்து வந்தாள், இனி மொட்டைமாடியிலேயே காயப்போடுவேன் என்றாள், அமலோற்பவம் சரி எக்கா என்றாள். தவசிமுத்து அண்ணாச்சி மூன்றரைக்கு வந்து சேர்ந்தார், மைக்கை அங்கேயே போட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

“தங்கச்சி, தீர்மானம் நிறைவேறிட்டு. இருநூறு ஓட்டு,” என்றார், வாசல்படியில் நின்று.

“அதை எடுத்துட்டுப் போயிருங்க அண்ணாச்சி,” என்றாள் அவள், அட்டவணைப் பக்கம் தலையை ஆட்டி.

அவர் அதைக் கிழியாமல் உரித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கடைசியாகத் தொம்மை வந்தார். முட்டி வலிக்காரர், நாலு மணி தாண்டிவிட்டது. சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவள் எழுந்து தண்ணீர் எடுத்துத் தருவாள் என்று எதிர்பார்த்திருப்பார், அவள் எழுந்திருக்கவில்லை. அவரே சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்து, சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்தார். டிவியில் பனி விட்டிருந்தது. நீளமான ஒரு பாலத்தின் மேல் லாரி போய்க்கொண்டிருந்தது, கீழே தண்ணீர், தூரத்தில் வெயில். தொம்மை பார்த்தார். பாலம் முடிந்து இன்னொரு ஏற்றம் வந்தது, அதையும் பார்த்தார். அவர் வலதுகால் தரையில் எதையோ லேசாக அமுக்கிக்கொண்டிருந்தது.

“இது எங்க போவுது?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“தெரியாமலா ஓட்டுத?”

“ஆமா.”

இன்னும் இரண்டு வளைவு போனது. தொம்மை தொண்டையைச் செருமினார்.

“பிள்ள, நானும் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டா?”

“முடியாது,” என்றாள் அமலோற்பவம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.